ஏலமலையும் உலகச் சந்தையும்: கம்பம் பள்ளத்தாக்கில் உலகமயமாதல்

முன்னுரை

தாராளமயம், தனியார்மயம், உலகமயம் என்னும் மூன்று சொற்களும் 1991-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நம் நாட்டின் பொருளாதாரக் கொள்கை மாறியது தொட்டு மேடைதோறும் ஒலித்து வருகின்றன. சிலர் அவற்றை வரமென்பர், சிலர் சாபமென்பர். வரமோ சாபமோ என்று வாதிடுமுன், அது நம் வாசலுக்கு எவ்வழியாக வந்தது, வந்தபின் யார் கையில் எதைக் கொடுத்து யார் கையிலிருந்து எதை எடுத்துச் சென்றது என்று ஆராய்வதே கற்றோர்க்கு அழகாகும்.

அவ்வாராய்ச்சிக்கு நியூயார்க்கையோ ஜெனீவாவையோ நாடிச் செல்ல வேண்டுவதில்லை. மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் அரணாக நிற்க, நடுவே முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கே அதற்குப் போதிய சான்றாகும். போடிநாயக்கனூர்ச் சந்தையில் ஒரு கிலோ ஏலக்காய்க்கு இன்று என்ன விலை என்பதை, மத்திய அமெரிக்காவில் பெய்த மழையும், அரேபிய நாட்டில் காய்ச்சப்படும் காப்பியும், கொச்சியில் இயங்கும் அரசு வாரியமும், ஆய்வுக்கூடத்து அளவைக் கருவியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இச்சிறு காயின் வரலாற்றைக் கொண்டு உலகமயமாதலின் இயல்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலகமயமாதல் என்பது யாது?

ஒரு நாட்டின் சரக்கு, முதலீடு, தொழில்நுட்பம், செய்தி, உழைப்பு ஆகியவை எல்லைகளைக் கடந்து தடையின்றி ஓடுவதையும், அவ்வோட்டத்தால் ஓரிடத்து விலையும் வாழ்வும் மற்றோரிடத்து நிகழ்ச்சிகளோடு பிணைக்கப்படுவதையும் உலகமயமாதல் என்கிறோம். 1947-இல் கையெழுத்தான காட் உடன்படிக்கையும், அதன் தொடர்ச்சியாக 1995 சனவரி முதல் நாளில் தோன்றிய உலக வணிக அமைப்பும் இவ்வோட்டத்திற்குச் சட்ட வடிவம் தந்தன. இறக்குமதிப் பொருள்கள் பலவற்றின்மீது இந்தியா வைத்திருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரல் முதல் நாளோடு பெரும்பாலும் நீங்கின. இந்திய–இலங்கைத் தடையிலா வணிக உடன்படிக்கை 2000-ஆம் ஆண்டிலும், தென்கிழக்காசிய நாடுகளோடு செய்துகொண்ட சரக்கு வணிக உடன்படிக்கை 2010-ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தன.

இவை அனைத்தும் தலைநகரங்களில் எழுதப்பட்ட ஏடுகள். ஆயினும் அவற்றின் எழுத்து ஒவ்வொன்றும் மலைத்தோட்டத்துச் செடியடியிலும், தரம் பிரிக்கும் பெண்ணின் சல்லடையிலும் வந்து முடிகிறது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

நமக்குப் புதிதன்று

உலக வணிகம் தமிழர்க்குப் புதியதன்று. முசிறித் துறையில் யவனர் மிளகு கொண்டதைச் சங்க இலக்கியம் பாடுகிறது. கி.பி. 849-ஆம் ஆண்டைச் சார்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகள், கொல்லத்தில் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுக்கள் பெற்றிருந்த உரிமைகளைக் கூறுகின்றன. அஞ்சுவண்ணம் மேற்காசிய வணிகரின் குழுவாகும். அரபுக் குதிரைகள் தமிழகக் கரையில் இறங்கியதும், குதிரையோடு தொடர்புடைய இராவுத்தர் என்னும் பெயர் நம் பகுதியில் நிலைபெற்றதும் அந்நெடிய வணிக வரலாற்றின் சுவடுகளே.

அண்மைக் காலத்திற்கு வருவோம். மூணாற்றுத் தேயிலை இங்கிலாந்துக்குச் சென்ற பழைய வழிகளுள் ஒன்று நம் பள்ளத்தாக்கின் வழியே அமைந்தது. 1902-ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டிப்பாதை அமைக்கப்பட்டது. 1908-இல் அது சிற்றகல இரயில் பாதையாயிற்று. தேயிலைப் பெட்டிகள் அதன்வழி டாப் ஸ்டேசன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியே துறைமுகம் சென்றன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அவ்விரயில் பாதையை அழித்தது. மதுரை–போடி இரயில் பாதை 1928-இல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950-களில் மீண்டும் போடப்பட்டது. எங்கோ நடந்த போருக்காக நம்மூர்த் தண்டவாளம் பெயர்க்கப்பட்டதும் ஒருவகை உலகமயமே. மீட்டர் பாதையாக இருந்த அது 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டு, அகலப்பாதையாகி, 2023 சூன் திங்களில்தான் போடிக்கு மீண்டும் இரயில் வந்தது.

ஆகவே, உலகம் நம்மிடம் வந்தது இன்று நேற்றன்று. மாறியவை மூன்று: ஓட்டத்தின் வேகம் பெருகியது, விதிகளை வகுப்பவர் தொலைவுக்குச் சென்றனர், விலை வீழ்ச்சியின் சுமை யார் தோளில் இறங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

மலை ஒரு மாநிலம், சந்தை ஒரு மாநிலம்

ஏலச்செடி மேற்குத் தொடர்ச்சி மலையையே தாயகமாகக் கொண்டது. நிழல்மரங்களின் கீழ், ஈரமும் குளிர்ச்சியும் பொருந்திய மண்ணில் வளர்வது. இடுக்கி மாவட்டத்து உடும்பஞ்சோலை, தேவிகுளம், பீருமேடு வட்டங்களே இதன் தலையாய விளைநிலங்கள். 1956 நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இம்மலைப்பகுதி கேரளத்தோடு சேர்ந்தது. ஆனால் அம்மலையின் இயல்பான சந்தையாகிய போடிநாயக்கனூர் தமிழகத்தில் நின்றது. போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி என்னும் மூன்று கணவாய் வழிகளும் மாநில எல்லைச் சாவடிகளாயின. தோட்டம் மேலே, சந்தை கீழே. தொழிலாளர் கீழே, வேலை மேலே. அணை மேலே, வயல் கீழே. இப்பிணைப்பை உணராதார்க்கு இப்பள்ளத்தாக்கின் பொருளாதாரம் விளங்காது.

நட்ட செடி காய்ப்புக்கு வர மூன்றாண்டு செல்லும். ஆடி, ஆவணித் திங்கள்களில் தொடங்கித் தை, மாசி வரை, ஏறத்தாழ நாற்பது நாளுக்கொருமுறை காய் பறிக்கப்படும். பறித்த பச்சைக்காயை உலர்கூடத்தில் நிறம் மங்காமல் உலர்த்த வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காயாகும். பின்னர்க் காம்பு நீக்கிச் சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று பருமன் வாரியாகப் பிரிப்பர். இப்பணியில் போடியின் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் ஈடுபடுகின்றனர். இவ்வளவும் செய்து முடித்த சரக்கு வெளிநாட்டுச் சந்தையில் ‘ஆலப்புழைப் பச்சை’ என்னும் துறைமுகப் பெயரால் அறியப்படுகிறது. விளைவித்த மலையின் பெயருமில்லை. தரம் பிரித்த ஊரின் பெயருமில்லை.

குவாத்தமாலாவின் வருகை

ஏலக்காயைப் பொறுத்தவரை இந்தியாவுக்கு உலகில் நிகரில்லை என்றிருந்த காலம் ஒன்றுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆஸ்கர் மாஜஸ் குளோஃபர் என்னும் ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர் நம் பகுதிச் செடியை மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவிற் கொண்டுசென்று நட்டார். ஆல்தா வெரபாஸ் என்னும் மலைப்பகுதியின் மண்ணும் மழையும் அதற்கு ஒத்துவந்தன. அரை நூற்றாண்டு கழிந்தபின் அதன் விளைவு தெரிந்தது.

1973-ஆம் ஆண்டின் எண்ணெய் விலை உயர்வுக்குப்பின் வளைகுடா நாடுகளிற் செல்வம் பெருகியது. ஏலக்காயிட்டுக் காய்ச்சும் ‘கஹ்வா’ அவ்வரபு நாடுகளின் விருந்தோம்பலுக்கு உயிர்நாடியாகும். அங்கே தேவை உயர்ந்தது. குவாத்தமாலாவிற் பரப்பு விரிந்தது. 1980-களில் அந்நாட்டுச் சரக்கு குறைந்த விலையில் அரபுச் சந்தையை நிறைக்க, அதற்கு முன் ஆயிரக்கணக்கான டன்னாக இருந்த நம் ஏற்றுமதி அப்பத்தாண்டின் இறுதியிற் சில நூறு டன் என்னும் அளவிற்குச் சுருங்கியது. இன்று உலகில் மிகுதியாக ஏலம் விளைவிக்கும் நாடு குவாத்தமாலா. இந்தியா அதற்கடுத்த நிலையில் நிற்கிறது.

இந்நிலையிலும் நம் ஏலத்தோட்டங்கள் அழியாமல் நின்றதற்குக் காரணம் யாது? இந்தியர் ஏலக்காயை உண்கின்றனர். குவாத்தமாலா மக்கள் பெரும்பாலும் உண்பதில்லை. அவர்கள் விளைவிப்பதில் ஏறத்தாழ முழுவதும் ஏற்றுமதிக்கே. நம் விளைச்சலிற் பெரும்பகுதியோ நாட்டினுள்ளேயே, பாயசத்திலும் பிரியாணியிலும் தேநீரிலும் வடநாட்டு இனிப்புகளிலும் செலவாகிறது. உள்நாட்டுச் சந்தை என்னும் அகன்ற அடித்தளமே வெளிநாட்டுப் புயலில் நம்மைத் தாங்கிற்று. உலகமயம் பற்றி நாம் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே: வெளியே விற்கத் தெரிந்தவன் வளர்வான், உள்ளேயும் விற்க இடமுடையவன் பிழைப்பான்.

மற்றொன்றும் கூறவேண்டும். குவாத்தமாலாவை நம் பகைவன் எனக் கருதுதல் பிழையாகும். அங்கே ஏலம் பயிரிடுவோரிற் பெரும்பாலோர் கெக்சி என்னும் மாயா பழங்குடியினைச் சார்ந்த சிறு உழவர்கள். மலைச்சரிவிற் பறித்த பச்சைக்காயை இடைத்தரகரிடம் அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவோர். உடும்பஞ்சோலைச் சிறு விவசாயியும் அவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை; ஆயினும் ஒருவர் விளைச்சல் பெருகினால் மற்றவர் அடுப்பில் அனல் குறைகிறது. போட்டி நாடுகளுக்கிடையே என்பர்; பாதிப்பு ஏழைகளுக்கிடையே பகிரப்படுகிறது.

ஒரு சொல், இரு பொருள்

தமிழ் பயில்வோர்க்கு இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. செடியைக் குறிக்கும் ‘ஏலம்’ பழஞ்சொல். வடமொழியின் ‘ஏலா’, அரபியின் ‘ஹைல்’ ஆகியவை இதனோடு உறவுடையவை. போட்டியிட்டு விலை கூறுவதைக் குறிக்கும் ‘ஏலம்’ வேறு சொல். அது ‘லெய்லாம்’ என்னும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது என்றும், அப்போர்த்துக்கீசியச் சொல்லுக்கும் மூலம் அரபியே என்றும் மொழிநூலார் கூறுவர். ஏலத்தை ஏலம் விடுகிறோம் என்று போடியில் ஒருவர் கூறும்போது, அவ்வொரு தொடருக்குள் அரபிக்கடலின் வணிக வரலாறே அடங்கியிருக்கிறது.

அவ்வேலம் நடைபெறும் முறையும் காலத்தோடு மாறிவந்துள்ளது. 1965-ஆம் ஆண்டின் சட்டப்படி ஏலக்காய் வாரியம் அமைந்தது. 1986-ஆம் ஆண்டின் சட்டப்படி அதனினும் விரிந்த நறுமணப் பொருள் வாரியம் தோன்றி, 1987 முதல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி வருகிறது. முன்னாளில் வணிகர் ஒரே கூடத்தில் அமர்ந்து, மாதிரிக் காயைக் கையிலெடுத்து முகர்ந்து, வாய்மொழியாக விலை கூறினர். 2007-ஆம் ஆண்டில் மின்னணு ஏலம் வந்தது. போடியிலும், இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் கணினித் திரையின் முன்னமர்ந்து வணிகர் பொத்தானை அழுத்துகின்றனர். விலை திரையில் ஏறுகிறது. வாய்மொழி ஏலத்தில் யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்னும் ஐயம் எழ இடமிருந்தது. திரையிற் போட்டியிடுபவர் முகம் தெரியாமையால் அவ்வையம் குறைந்தது. அன்றைய சராசரி விலை அன்று மாலையே தோட்டத்துச் சிறு விவசாயியின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. செய்தி சமமாகப் பரவுவது உலகமயத்தின் நன்மைகளுள் ஒன்று என்பதை மறுத்தற்கில்லை.

எனினும் செய்தி தெரிவது வேறு. காத்திருக்கும் வலிமை வேறு. விலை இறங்கியதென்று அறிந்தும், நாளை கூலி கொடுக்க வேண்டியவர் இன்றே விற்கிறார். சரக்கை இருப்பு வைக்கும் முதலுடையவர் விலை ஏறும்வரை பொறுக்கிறார். ஒரே செய்தி இருவர்க்கும் கிடைத்தும் பயன் ஒருவர்க்கே போய்ச் சேர்வது இதனாலேயாகும்.

ஏழாயிரம் ரூபாய் கற்பித்த பாடம்

2018 ஆகஸ்டில் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளம் இடுக்கி மலைச்சரிவுகளைச் சிதைத்தது. அதனை அடுத்து வந்த கோடையில் வறட்சி வாட்டியது. 2019-20 பருவத்து இந்திய விளைச்சல் 11,000 டன் அளவிற்குத் தாழ்ந்தது. சரக்கு குறைந்தமையால் விலை ஏறியது. 2019 ஆகஸ்டுத் தொடக்கத்தில் இடுக்கி ஏலமொன்றில் ஒரு கிலோ 7,000 ரூபாய் என்னும் உச்சத்தைத் தொட்டது. செய்தித்தாள்கள் ஏலத்தைப் ‘பச்சைப் பொன்’ என்று போற்றின.

அவ்விலையைக் கண்டோர் என்ன செய்தனர்? மிளகுக்கொடி நின்ற இடத்திலும், காப்பி நின்ற இடத்திலும், தரிசிலும் ஏலம் நட்டனர். குத்தகைத் தொகை ஏறியது. கடன் வாங்கியும் நட்டனர். மழை ஒத்துழைத்தது. அடுத்த பருவத்திலேயே விளைச்சல் 20,000 டன்னைத் தாண்டியது. புதிதாக நட்ட செடிகளும் பின்னர்க் காய்ப்புக்கு வந்தன. 2022-ஆம் ஆண்டில் ஏலச் சராசரி 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. மூன்றாண்டுக்குள் விலை ஏழில் ஒரு பங்காயிற்று எனக் கொள்ளற்க. உச்சவிலை என்பது சிறந்த தரத்தில் ஒரு குவியலுக்குக் கிடைத்தது, சராசரி என்பது அனைத்திற்கும் பொதுவானது. அவ்வேறுபாட்டை நீக்கிப் பார்ப்பினும் வீழ்ச்சி கொடியதே.

பலநாட் பயிர்கள் அனைத்திற்கும் உரிய விதியை இது காட்டுகிறது. நெல்லாயின் அடுத்த போகத்தில் வேறு பயிர் மாற்றலாம். ஏலமோ நட்டு மூன்றாண்டு கழித்தே முதற்காய் தருவது. இன்றைய விலையைப் பார்த்து நடுபவர் மூன்றாண்டுக்குப் பிந்திய சந்தையில் விற்கிறார். எல்லாரும் ஒருசேர நட்டால், எல்லாரும் ஒருசேர விற்க வேண்டி வருகிறது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் வெப்பத்தால் கருகின. குவாத்தமாலாவிலும் விளைச்சல் குறைந்தது. விலை மீண்டும் 2,000 ரூபாயைக் கடந்து ஏறியது. இவ்வேற்றத்தைக் கண்டு மீண்டும் கடன்பட்டு நடுவோர், 2019-ஐயும் 2022-ஐயும் ஒருங்கே நினைவிற் கொள்ளுதல் நலம்.

வரிச்சுவரும் தரச்சுவரும்

நாடுகள் வரிச்சுவரைத் தாழ்த்தும்போதே வேறொரு சுவரை உயர்த்துகின்றன, அது தரச்சுவராகும். உணவுப் பொருளின் தூய்மை பற்றிய உடன்படிக்கை உலக வணிக அமைப்போடு உடன்பிறந்தது. பூச்சிமருந்தின் எச்சம் ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று ஒவ்வொரு நாடும் வரம்பு விதிக்கிறது. 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சவூதி அரேபியா இவ்வரம்பைக் கடுமையாக்கியபோது இந்திய ஏலக்காய்க்கு அச்சந்தை பெருமளவு அடைபட்டது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாப் பொடிகளை எத்திலீன் ஆக்சைடு என்னும் வேதிப்பொருள் காரணமாகத் திரும்பப் பெறச் செய்தன.

இவ்விதிகளைப் பணக்கார நாடுகளின் சூழ்ச்சி என்று ஒதுக்குவோர் உளர். சில விதிகள் போட்டியைத் தடுக்கும் நோக்குடையனவாக இருத்தல் கூடும். ஆயினும் ஏலச்செடிக்கு ஓராண்டில் எத்தனை முறை மருந்து தெளிக்கப்படுகிறது என்பதை மலைக்குச் செல்வோர் அறிவர். வெளிநாட்டார் கஹ்வாவில் சேராத நஞ்சு, தெளிக்கும் தொழிலாளியின் மூச்சிலும், பறிக்கும் பெண்ணின் விரலிலும், மலைநீரிலும் சேர்கிறது. வெளிநாட்டு ஆய்வுக்கூடம் நம் சரக்கைத் திருப்பியனுப்பியது நமக்கு இழப்பே. ஆனால் அது நம் மக்கள் உடல்நலத்தைப் பற்றி நாமே கேட்டிருக்க வேண்டிய வினாவை நமக்காகக் கேட்டது.

மிளகின் கதை வேறு. வியத்நாம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் முதன்மை மிளகு நாடாயிற்று. அந்நாட்டு மிளகு இலங்கை வழியாக, உடன்படிக்கைச் சலுகையைப் பயன்படுத்திக் குறைந்த வரியில் நுழைகிறது என்று விவசாயிகள் முறையிட்டனர். அரசு 2017 டிசம்பரில் இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் எனக் குறைந்தபட்ச விலை விதித்தது. ஒரு வாயிலைத் திறக்கும்போது எல்லா வாயிலும் திறக்கின்றன என்பதற்கு இது சான்று.

கணவாயைக் கடக்கும் கால்கள்

விடியுமுன் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து தொழிலாளர் ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து மலையேறுகின்றனர். அவருட் பெரும்பாலோர் பெண்கள், நாட்கூலிகள். பொழுது சாயும் வேளையில் இறங்கி வருகின்றனர். மூன்றாம் தலைமுறையாக நடைபெறும் இப்போக்குவரத்து இல்லையெனில் ஏலமலையில் காய் செடியிலேயே வெடித்துவிடும்.

உலகச் சந்தையின் ஏற்றத்தில் இவர்கள் பங்கு சிறிது. இறக்கத்தில் இவர்கள் பங்கு பெரிது. விலை உயர்ந்தபோது கூலி ஓரளவே உயர்ந்தது. விலை தாழ்ந்தபோது களையெடுப்பும் உரமிடுதலும் குறைக்கப்பட்டு, வேலைநாள் குறைந்தது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது; ஆனால் அதன் வீட்டுவசதியும் மருத்துவமும் நிலையான தொழிலாளரைக் கருதியவையாயிருந்தன. காலையில் ஏறி மாலையில் இறங்கும் நாட்கூலிக்கு அவை எட்டுவது அரிதாயிருந்தது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கலால் எல்லையிற் பதற்றம் மூண்டபோதும், 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் சாவடிகள் மூடப்பட்டபோதும் முதலில் அடுப்பணைந்தது இவர்கள் வீடுகளிலேயே. சரக்குக்கு உலகெங்கும் வழியுண்டு. உழைப்பவருக்கு அடுத்த மாநிலத்திற்கும் வழி அடைபடுகிறது. உலகமயத்தின் முரண்களுள் இதுவே பெரிது.

இப்பொழுது அம்மலைகளில் வடகிழக்கு மற்றும் வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும் தங்கிப் பணியாற்றுகின்றனர். அவர்களும் நம்மைப்போல் வயிற்றுக்காக வந்தவர்களே என்னும் உணர்வு நமக்கு வேண்டும். ஏனெனில் நம் பிள்ளைகளும் வேற்று நாட்டில் அவ்வாறே நிற்கின்றனர்.

வளைகுடாவின் இரு கைகள்

வளைகுடா நம் பள்ளத்தாக்கிற்கு வாடிக்கையாளருமாகும், முதலாளியுமாகும். ஏலத்தை வாங்குவதும் அது. நம் இளைஞர்க்கு வேலை தருவதும் அது. ரமளான் மாதத்திற்கு முன் அங்கே ஏலக்காய் தேவை உயரும். அதே மாதத்தில் அங்கிருந்து வீட்டிற்கு வரும் பணமும் உயரும். இவ்விரட்டை உறவு நல்லகாலத்தில் இரட்டை நன்மை. கெட்டகாலத்தில் இரட்டைத் தொல்லை. 1990-இல் குவைத் போரின்போது ஏறத்தாழ 1,70,000 இந்தியர் வேலையிழந்து தாயகம் திரும்ப நேர்ந்தது. 2011-இல் சவூதி அரேபியா தன் குடிமக்களுக்கு வேலையில் முன்னுரிமை தரும் ‘நிதாகத்’ திட்டத்தைத் தொடங்கியது. பாலைநிலத்தில் எடுக்கப்படும் முடிவு பள்ளத்தாக்கில் ஒரு திருமணத்தைத் தள்ளிப்போடுகிறது. ஒரு மாணவனின் கல்விக்கட்டணத்தைத் தவணையாக்குகிறது.

கழனியும் கொடியும்

பள்ளத்தாக்கின் தரையிலும் மாற்றம் நிகழ்ந்து வருகிறது. 1895-இல் முடிவுற்ற முல்லைப் பெரியாறு அணையின் நீரால் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. நெல்லைச் சூழ்ந்து திராட்சைப் பந்தல்களும் வாழைத் தோட்டங்களும் பரவியுள்ளன. ஆண்டு முழுதும் காய்க்கும் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏலத்திற்குக் கிட்டாத ஊர்ப்பெயர் திராட்சைக்குக் கிட்டியது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் குறியீடு ஒரு பெயர்ப்பலகையே. அப்பெயருக்கு விலை தரும் சந்தையை நாமே தேடியாக வேண்டும். திசு வளர்ப்பு முறையில் விளையும் வாழை பெட்டிகளில் அடைபட்டு வளைகுடாவுக்குச் செல்கிறது. இவை யாவும் வருவாய் தருவன. எனினும் நெல்லைக் கைவிட்டு முற்றிலும் சந்தைப் பயிருக்கு மாறும் ஊர், தன் உலையரிசிக்கும் சந்தையையே நம்ப வேண்டியதாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உலகமயம் என்பது முழு நன்மையுமன்று, முழுத் தீமையுமன்று என்பது புலனாகும். தடுத்து நிறுத்தவும் இயலாது; கண்மூடி வரவேற்கவும் ஆகாது. அது ஆற்றுவெள்ளம் போன்றது. அணையும் மதகும் உடையார்க்குப் போகம், இல்லார்க்குப் புதைகுழி. அணை கட்டிய வரலாறுடைய பள்ளத்தாக்கினராகிய நமக்கு இவ்வுவமை விளங்காமற் போகாது.

நாம் எழுப்ப வேண்டிய மதகுகள் சிலவற்றைச் சுட்டுவோம். சிறு விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனங்களாக ஒன்றுகூடிச் சரக்கை இருப்பு வைக்கவும், இருப்பின்பேரில் கடன் பெறவும் வேண்டும். அப்போதுதான் காத்திருக்கும் வலிமை அவர்கட்கும் வாய்க்கும். மருந்தெச்சத்தை ஏற்றுமதிக்கு முன்பே கண்டறிந்து, தோட்டத்திலேயே குறைக்க வேண்டும். உலர்காயாக மட்டும் விற்காமல், தைலமாகவும் சிறு பொதிகளாகவும் மாற்றும் தொழில்கள் இங்கேயே வளர வேண்டும். எல்லையைக் கடந்து உழைப்போர் இரு மாநிலங்களிலும் பதிவு பெற்று, காப்பீடும் பாதுகாப்பான பயணமும் பெற வேண்டும். இவற்றிற்கு ஊர்ப்பெரியோரும் வணிகப் பெருமக்களும் முன்னிற்றல் கடனாகும்.

தமிழ்த்துறைக்கும் இதில் ஒரு பங்குண்டு. ஏல விதிகள், மருந்தெச்ச வரம்புகள், வணிக உடன்படிக்கைகள், வெளிநாட்டு வேலை ஒப்பந்தங்கள் ஆகியவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தம் வாழ்வைத் தீர்மானிக்கும் ஏட்டைத் தம் மொழியிற் படிக்க இயலாத மக்கள் எவ்வளவு உழைத்தாலும் பிறர் சொல்லையே நம்பி வாழ்வர். மாணவச் செல்வங்கள் தம் பெற்றோரின் தொழிலேடுகளை எளிய தமிழில் ஆக்கித் தருவாராயின், தோட்டத்திலும் உலர்கூடத்திலும் மண்டியிலும் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து வைப்பாராயின், அது ஆய்வேட்டுக்கும் பொருளாகும், அடுப்பங்கரைக்கும் பயனாகும். கடல் கடந்து வந்த ‘ஏலம்’ என்னும் சொல்லைத் தனதாக்கிக்கொண்ட தமிழுக்கு, இன்றைய சந்தையின் சொற்களையும் தனதாக்கிக்கொள்வது அரிதன்று. அப்பணியை இம்மலர் வெளிவரும் இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக.